ஐந்து கிலோ புளியும் ஒரு வாளை மீனும்

எங்கள் ஊர்ப் பெயரை முதல்முறை கேட்கிறவர்கள் பலர், "அங்கே கடல் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். தப்பில்லை. காவேரிப்பட்டணம் என்று பெயர் வைத்துக்கொண்டால் அப்படித்தான் கேட்பார்கள். பட்டணம் என்றாலே கடற்கரை ஊர் என்று நினைப்பு ஓடும். கூடவே காவேரி வேறு. பூம்புகாருக்குப் பக்கத்து ஊர் போல ஒலிக்கும். ஆனால் நாங்கள் இருப்பது கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் நடுவில், தென்பெண்ணைக் கரையில். காவிரியும் இல்லை, கடலும் இல்லை. மாந்தோப்பு உண்டு, புளியமரம் உண்டு.

கடல் இல்லாத இந்தப் பட்டணத்திலிருந்து என் அம்மாவை மீன் சந்தைக்கு அழைத்துப் போனதைத்தான் எழுதப்போகிறேன். அது தொடங்கியது 2024 டிசம்பரில், ஆற்றுப் பாலத்தின் மேல்.

ஃபெஞ்சல் புயல் மழை அந்த மாதத் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் பொம்மை மாதிரி உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் போனில் பார்த்தோம். எங்கள் பாலத்துக்குக் கீழேயும் ஆறு கலங்கலாக ஓடியது. அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இம்மாந் தண்ணியும் எங்கடா போவுது?" என்றார். "சாத்தனூர் அணைக்கு. அப்புறம் கடலூர்ல போய்க் கடல்ல சேருதும்மா." அவருக்கு 67 வயது. பிறந்த ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வாழ்க்கைப்பட்ட ஊர் இந்தப் பக்கம். இத்தனை வருடம் இந்த ஆற்றைப் பார்த்தவர், அது முடியும் இடத்தைப் பற்றி முதல்முறையாகக் கேட்டார். "ஒரு நாளைக்கு அதையும் பாத்துடணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எங்கள் வீட்டில் மீன் என்றால் இரண்டுதான். ஒன்று அணை மீன். இன்னொன்று கருவாடு.

அணை என்றால் கிருஷ்ணகிரி அணை, கே.ஆர்.பி. டேம். 1957-இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது திறந்தது, முழு நீர்மட்டம் 52 அடி. ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் பூங்காவைவிட மீன் வறுவல் கடைகளில்தான் கூட்டம் இருக்கும். துண்டு போட்டு, செக்கச்செவேலென்று மசாலா தடவி, அடுக்கி வைத்திருப்பார்கள். அகலமான இரும்புச் சட்டியில் எண்ணெய் கொதிக்கும். நாம் கையைக் காட்டிய துண்டு உள்ளே போகும். வெங்காயமும் எலுமிச்சைத் துண்டும் தருவார்கள். கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி. இவற்றில் ஒன்றுகூட இந்த ஆற்றில் ஆதியிலிருந்து இருந்த மீன் இல்லை. முதல் மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள், குஞ்சுகளாகக் கொண்டுவந்து விடப்படுபவை. ஜிலேபி ஆப்பிரிக்க மீன், 1952-இல்தான் இந்தியாவுக்கே வந்தது. ஆக, அணையும் ஜிலேபியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் எங்களுக்கு வந்து சேர்ந்தவை. என் ஆயா கடைசிவரை ஜிலேபியை மதிக்கவில்லை. "விரால், ஆரால், கெளுத்தி, கெண்டை. அதான் மீனு" என்பார். அம்மாவுக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. எது வந்தாலும் கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளித்தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, சேற்று வாடை போகும்வரை அலசுவார். எங்கள் பக்கத்தில் மீன் குழம்பு வைக்கத் தெரியும் என்றால் முதலில் இந்த அலசல் தெரியும் என்று பொருள்.

ஒகேனக்கல்லைச் சொல்லாமல் விட்டால் பென்னாகரத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அங்கே காவிரி மீனை வாங்கி, விறகடுப்பில் சமைத்துத் தரும் பெண்களிடம் கொடுத்துவிட்டு, பரிசலில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தால் குழம்பு தயாராக இருக்கும். பாறை மேல் உட்கார்ந்து வாழையிலையில் சாப்பிடும் அந்தச் சுகம் தனி. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இது பெண்ணையாற்றின் கதை.

கருவாட்டுக்கு வருகிறேன். கடல் எங்களிடம் வந்தது கருவாடாகத்தான். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கருவாட்டுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு போனாலும் அந்த வரிசை வந்துவிட்டது என்று தெரியும். நெத்திலி, சுறாத் துண்டு, திருக்கை, வாளை. அம்மா வாங்குவது எப்போதும் வாளைதான். மடித்த தோல் வார் போல, சாம்பல் பூத்த வெள்ளி நிறத்தில், உப்புப் படிந்து விறைத்துக் கிடக்கும். வெந்நீரில் போட்டு ஊறவைத்து, கத்தரிக்காயோ மொச்சையோ சேர்த்து, புளி கொஞ்சம் தூக்கலாகக் குழம்பு வைப்பார். அதற்குத் துணை ராகிக் களி. சூடான களி உருண்டையின் நடுவில் விரலால் குழி பறித்துக் குழம்பை ஊற்றி, பிட்டு, தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். பள்ளிக்கூட நாட்களில் ஞாயிறு இரவு என்றால் எனக்கு இந்த வாசனைதான்.

கடற்கரையின் உப்பை மாட்டு வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றிய உமணர்களைச் சங்கப் பாட்டுகளில் படித்தபோது எனக்குக் கருவாட்டு வரிசைதான் ஞாபகம் வந்தது. ஐஸ் கட்டியும் குளிர்சாதன லாரியும் வருவதற்கு முன்னால், கடல் மேட்டு நிலத்துக்கு ஏறி வர உப்பு மட்டும்தான் வழி. அதியமான் காலத்துத் தகடூரிலும், இன்றைய தருமபுரி அது, யாராவது ஒரு வீட்டில் கடல் இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது எங்கள் ஊரிலும் தெர்மாகோல் பெட்டியில் கடல் மீன் கிடைக்கிறது. நான் ஒருமுறை ஆசையாக வஞ்சிரம் வாங்கி வந்தேன். அம்மா மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எத்தனை நாள் ஐஸில் கிடந்ததோ, எத்தனை கை மாறியதோ. சமைத்தும் யாரும் சாப்பிடவில்லை. அதிலிருந்து அம்மாவின் தீர்ப்பு ஒன்றுதான்: கடல் மீன் என்றால் நாறும், கருவாடாகத்தான் அது ருசி. கடலில் இருந்து வந்த மீனுக்கு இப்படி ஒரு பெயர் நிலைத்துவிட்டதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அம்மாவை ஒருமுறையாவது கரையிலேயே சாப்பிட வைக்க வேண்டும் என்று நினைத்தது அன்றைக்குத்தான்.

ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் என்னோடு பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த நண்பன் கடலூர்க்காரன். வேலையை விட்டுச் சொந்த ஊருக்கே போய்விட்டான். அவன் அம்மா கடலூர் மீன்பிடித் துறைமுகத்தில் மீன் விற்பவர். போன் செய்தேன். "வர்றதுன்னா ஏப்ரல் 15-க்கு முன்னாடி வந்துடு. அப்புறம் ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள் பெரிய போட்டு எதுவும் கடலுக்குப் போகாது" என்றான். மீன்கள் முட்டையிடும் காலம் அது. 2025 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை இரவு கிளம்பினோம். அம்மா, நான், எட்டாவது படிக்கும் என் மகன்.

காரில் பின்சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு பை இருந்தது. ஐந்து கிலோ புதுப் புளி, கொட்டை எடுத்தது. எங்கள் பக்கத்தில் மாசி, பங்குனி என்றால் திண்ணைக்குத் திண்ணை புளி தட்டும் சத்தம் கேட்கும். ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து அடைப்பார்கள். "மொத மொத ஒருத்தர் வீட்டுக்குப் போறோம், வெறுங்கையோட போறதா?" என்றார். மேலே பிஞ்சு மாங்காய் ஒரு பத்துப் பதினைந்து. பெங்களூரா ரகம்.

போச்சம்பள்ளி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, திருக்கோவிலூர், பண்ருட்டி. 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரவில் ஆறு எங்கும் தெரியவில்லை, திருக்கோவிலூர்ப் பாலத்தைக் கடந்தபோது மட்டும் அகலமான ஓர் இருட்டு. "நம்ம ஆறும்மா" என்றேன். தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன். "ம்" என்று குரல் வந்தது.

விடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போது துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

முதலில் காதுக்குத்தான் சந்தை தெரிந்தது. ஐஸ் பாரை அரைக்கிற இயந்திரத்தின் கரகரப்பு, ஏலம் கூறுகிறவரின் விடாத குரல், தண்ணீரில் படகின் மோட்டார் தடதடப்பு, காக்காய்க் கூட்டம். தரை முழுக்க ஈரம். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன், அதற்குள் நண்பனின் அம்மா வந்து பிடித்துக்கொண்டார். முழங்கைவரை செதில் ஒட்டிய கை. "வாங்கக்கா. ராத்திரி பூரா ஒக்காந்து வந்தீங்களா? டீ குடிக்கிறீங்களா, மொதல்ல மீனு பாக்குறீங்களா?" என்றார். அம்மா, "மீனே பாக்கலாம்" என்றார்.

இங்கே மீன் வருவதை "மீன்பாடு" என்கிறார்கள். அன்றைக்கு மீன்பாடு சுமார்தான் என்று பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு அது தெரியவே இல்லை. விசைப்படகிலிருந்து பெட்டி பெட்டியாக இறங்கிக்கொண்டே இருந்தது. சங்கரா ரோஜா நிறத்தில், தாம்பாளத்தில் அடுக்கிய பூப்போல. கிழங்கான் விரல் விரலாக. மத்தி குவியலாக. புள்ளி நண்டுகள் கூடையிலிருந்து ஏறி ஏறி விழுந்தன. கானாங்கெளுத்தியின் முதுகில் பச்சையும் நீலமுமாக வரி ஓடியிருந்தது. செத்த மீனில் இவ்வளவு நிறம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. என் மகன் திருக்கையின் வாலைத் தொடலாமா என்று கேட்டு, தொட்டு, கையை இழுத்துக்கொண்டான்.

ஏலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெட்டி தரையில் வைக்கப்பட்ட உடனே சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்கள். ஏலக்காரர் தொகையைப் பாட்டுப் போல ஏற்றிக்கொண்டே போகிறார். வாங்குகிறவர்கள் வாயைத் திறப்பதே அபூர்வம், ஒரு கண்ணசைவு, ஒரு விரல். எண்ணி அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. வாங்கினவரின் ஆட்கள் உடனே ஐஸைக் கொட்டிப் பெட்டியை இழுத்துப் போகிறார்கள். நண்பனின் அம்மாவும் இரண்டு பெட்டி எடுத்தார். எப்போது கேட்டார், எப்போது முடிந்தது என்று பக்கத்தில் நின்றும் எனக்குப் பிடிபடவில்லை. முப்பது வருடமாக இதைச் செய்கிறாராம். நட்டம் வந்த நாட்களும் உண்டு, வட்டிக்கு வாங்கிப் போட்ட முதலை மாலைக்குள் எடுத்துவிட வேண்டும், மீன் காத்திருக்காது. இதைப் புகாராகச் சொல்லவில்லை. வேலையின் இயல்பைச் சொல்கிற மாதிரி, செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அம்மாவுக்கு அவர் மீன் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். செவுள் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பேறி இருந்தால் நேற்றையது. கண் புடைத்து, கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்க வேண்டும், குழி விழுந்து பால் படர்ந்திருந்தால் வேண்டாம். விரலால் அழுத்தினால் சதை உடனே எழும்ப வேண்டும். "மோந்து பாருங்கக்கா" என்று ஒரு சங்கராவை நீட்டினார். அம்மா தயங்கித் தயங்கி முகர்ந்தார். அப்புறம் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். "நாத்தமே இல்லடா. தண்ணி வாசனதான் வருது."

அம்மா திடுமென்று நின்றது அதற்குப் பிறகுதான். ஒரு நீலத் தார்ப்பாய் மேல் நீளமாக ஏதோ கிடந்தது. செதில் இல்லை. வாள் போல ஒடுக்கமாக, ஒரு பாகத்துக்கும் இன்னொரு பாகத்துக்கும் பேதம் தெரியாமல், முழுக்க முழுக்க வெள்ளி. அப்போதுதான் கிழக்கே வெளுத்திருந்தது. அந்த வெளிச்சம் அதன்மேல் பட்டு எவர்சில்வர் தட்டு போல மின்னியது. வால் நுனி ஒரு நூலாக முடிந்தது. வாய் திறந்து, ஊசிப் பற்கள். "இது என்னா மீனு?" "வாளைக்கா." அம்மாவுக்குப் புரியவில்லை. எங்கள் பக்கத்தில் வாளை என்றால் ஆற்றில் கிடைக்கும் வாளை, அது வேறு, அகன்ற வாயும் மீசையும் உள்ளது. "கருவாடு போடுவாங்களே, அந்த வாளை" என்று நண்பன் சொன்னான்.

அம்மா குனிந்து அதை நீளவாக்கில் தடவினார். விரலில் வெள்ளி ஒட்டியது. "இதா அது?" என்றார். கேட்டது யாரையும் இல்லை. ஐம்பது வருடமாக வெந்நீரில் ஊறவைத்து, துண்டு போட்டு, குழம்பு வைத்த பொருளை அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறார். "இம்மாம் அழகா இருக்குமா?" என்று இன்னொரு முறை சொன்னார். நண்பனின் அம்மா அதை எடுத்துத் தன் பெட்டியில் போட்டுக்கொண்டார். காசு கொடுக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டார்.

மீன் வெட்டுகிற பெண்கள் அரிவாள்மனையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கையாலும் மீனைப் பிடித்து அந்த நிமிர்ந்த கத்தியில் ஒரு சீவு, செதில் பறக்கும். இன்னொரு இழுப்பு, குடல் வெளியே. எங்கள் வீட்டில் அரைமணி ஆகும் வேலை அங்கே இரண்டு நிமிடம். மத்தி, சங்கரா, கொஞ்சம் இறால், அந்த வாளை. போதும் என்று சொன்னால் கேட்கவில்லை.

அவர்கள் வீடு தாழங்குடா பக்கம். பெண்ணையாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகில். வாசலில் சுவரைப் பார்த்தேன். இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு, அதற்குக் கீழே சுண்ணாம்பு உதிர்ந்து நிறம் மாறியிருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு நண்பனின் அம்மா சொன்னார். "டிசம்பர்ல ஒங்க ஊருத் தண்ணிதான் வந்துச்சு." சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்ட வெள்ளம் அது. ஆற்றோரத்துக் கடலூர் கிராமங்களுக்குள் புகுந்ததைச் செய்தியில் பார்த்திருந்தேன். பாலத்தின் மேல் நின்று அம்மா "எங்கடா போவுது" என்று கேட்டதற்கு விடை இந்தச் சுவரில் இருந்தது. அம்மா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாமான் எல்லாம் போச்சாம்மா?" என்று கேட்டார். "பாத்திரம் பண்டம், கட்டில், அரிசி. பொட்டி மட்டும் மேல தூக்கி வச்சோம். உசுரு இருக்கே." இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அம்மா புளிப் பையை எடுத்து வைத்தார்.

நண்பனின் அம்மா பையைப் பிரித்து, ஒரு சுளையைப் பிட்டு வாயில் போட்டார். கண்ணைச் சுருக்கினார். "கடையில வாங்குறது கறுப்பா, மண்ணோட இருக்கும். இது என்னா இப்படி செவப்பா இருக்கு!" புதுப் புளி அப்படித்தான், பழசாகப் பழசாகத்தான் கறுக்கும் என்று அம்மா விளக்கினார். எங்கள் மரம், எங்கள் வெயில் என்று அம்மா பெருமையாகப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

குழம்பு இரண்டு பேரும் சேர்ந்து வைத்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா வழக்கம்போல மீனைப் புளித்தண்ணீரில் ஊறவைக்கப் போனார். "அய்யோ அக்கா, வேணாம், ருசி போயிடும். ரெண்டு தண்ணி அலசுனாப் போதும்" என்று அவர் தடுத்தார். தேங்காய் அரைத்து ஊற்றலாமா என்று அம்மா கேட்டார். அதுவும் வேண்டாமாம். சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, வெந்தயம், மிளகாய்த்தூள், மல்லித்தூள், கரைத்த புளி, கீறிப் போட்ட எங்கள் மாங்காய். நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்து மேலே வந்த பிறகுதான் மீன். போட்டபின் கரண்டியே படக்கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டி இறக்கிவிட வேண்டும். வாளையைத் துண்டு போட்டு, மஞ்சளும் உப்பும் மிளகாயும் மட்டும் தடவி வறுத்தார்கள்.

முதல் கவளத்தை அம்மா மெதுவாக மென்றார். "இனிக்குது" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. உப்புக் கடலில் வாழ்கிற மீனில் இனிப்பு எங்கிருந்து வரும் என்று ஊருக்கு வந்து தேடிப் படித்தேன். படித்ததை இங்கே சொல்லியே ஆக வேண்டும், அம்மாவின் கைப்பக்குவத்துக்கும் அதில் இடம் இருக்கிறது.

கடல்நீரின் உப்புக்கு ஈடுகொடுக்கக் கடல் மீன்கள் தங்கள் சதையில் சில பொருட்களைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. அவற்றில் சில அமினோ அமிலங்கள், குறிப்பாக கிளைசின், நாக்குக்கு இனிப்பாகவே இருக்கும். அந்த இனிப்பு உப்பின் பரிசு. ஆனால் அதே வேலைக்காகச் சேர்த்து வைக்கிற இன்னொரு பொருள், மீன் செத்தபின் நுண்ணுயிர்களால் டிரைமெத்திலமைனாக மாறுகிறது. நாம் மீன் நாற்றம் என்று சொல்வது அதைத்தான். ஆற்று மீனுக்கு இந்தச் சேமிப்புத் தேவையில்லை, அதனால் இந்த நாற்றமும் அதில் குறைவு. அதற்கு வேறு வாடை உண்டு, சேற்று வாடை. அது மீன் சேற்றைத் தின்பதால் வருவதில்லை. தண்ணீரில் வாழும் நீலப்பச்சைப் பாசிகளும் சில நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. அது செவுள் வழியாக மீனுக்குள் ஏறிவிடுகிறது. முதல் மழை பெய்ததும் எழும் மண்வாசனையும் இதே ஜியோஸ்மின்தான்.

படித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். காய்ந்த மானாவாரி நிலத்தில் முதல் தூறல் விழும்போது அம்மா வாசலுக்கு வந்து மூச்சை இழுப்பாரே, அதே வாசனையைத்தான் மீனிலிருந்து போக்க அரைமணி நேரம் அலசுகிறார்.

புளி என்ன செய்கிறது? இரண்டையும் அடக்குகிறது. அமிலம் டிரைமெத்திலமைனைப் பிடித்துக் கட்டிப்போடும், அதனால் அது காற்றில் எழாது. அதே அமிலம் ஜியோஸ்மினையும் சிதைக்கும். கடல் மீனுக்கு ஒரு குழம்பு, அணை மீனுக்கு ஒரு குழம்பு என்று பழக்கங்கள் எத்தனை இருந்தாலும் இரண்டிலும் புளி நிற்பதற்கு இதுதான் காரணம். அந்தப் புளியில் எவ்வளவோ எங்கள் மாவட்டங்களிலிருந்து இறங்கிப் போவது. கடற்கரை உப்பும் கருவாடும் மேலே ஏறி வந்த வழியில், புளியும் மாங்காயும் கீழே இறங்கின. ஆறும் அந்தத் திசையில்தான் இறங்குகிறது. அந்த மண்சட்டியில் எங்களுடையது பாதி இருந்தது என்பது எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

சாப்பிட்டு முடித்து, வெயில் தாழ்ந்ததும் ஆற்று வாய்க்குப் போனோம். நான் ஏதோ பெரிதாக எதிர்பார்த்திருந்தேன். அகலமான மணல் திட்டு, நடுவில் அமைதியான பழுப்புத் தண்ணீர், அதற்கு அப்பால் அலை. எங்கே ஆறு முடிகிறது, எங்கே கடல் தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பக்கம் பிறந்து, நகரத்தின் கழிவையும் சுமந்து, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்கிற இதே ஆறுதான் எங்கள் அணைக்கு வருகிறது. அந்த நுரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் மீன் வளர்கிறது, எங்கள் நெல் விளைகிறது. அதைச் சரிசெய்யாமல் எங்களால் எவ்வளவு நாள் மீன் ருசி பேசிக்கொண்டிருக்க முடியும்?

அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பழுப்புத் தண்ணீரில் இறங்கினார். அலைப் பக்கம் போகவில்லை. கொஞ்சம் கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பாயிடுச்சு" என்றார்.

ஐஸ் போட்டுக் கட்டிக் கொடுத்த மீனோடு இரவே திரும்பினோம். மறுநாள் காலை அம்மா அதைத் தன் முறையிலும் இல்லாமல், அந்த அம்மாவின் முறையிலும் இல்லாமல் நடுவில் எப்படியோ வைத்தார். நன்றாக இருந்தது, ஆனால் கரையில் சாப்பிட்ட அந்த இனிப்பு இல்லை. அதற்கு அடுத்த ஞாயிறு நான் அணையிலிருந்து ஜிலேபி வாங்கி வந்தேன். அம்மா உப்பு, மஞ்சள், புளித்தண்ணீர் என்று வழக்கம்போலத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, ஒரு மீனைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். ஜியோஸ்மின் கதையை நான் அவருக்குச் சொல்லியிருந்தேன். "மழ வாசனைன்னா சொன்ன?" என்று கேட்டுவிட்டு மறுபடி அலசத் தொடங்கினார். அலசலை அவர் குறைத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் இப்போது அணை மீனைக் கடிக்கும்போது அந்த மெல்லிய மண்ணைத் தேடத் தோன்றுகிறது. கடல் மீனைக் கரையில் சாப்பிடாமல் இருந்திருந்தால் எனக்கு அது தெரிந்தே இருக்காது.

மே மாதம், தடைக்காலத்தில், நண்பன் பி.எஃப். வேலையாக ஓசூருக்கு வந்தான். திரும்பும் வழியில் வீட்டுக்கு வந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைக் கொடுத்தான். "அம்மா கொடுத்தாங்க. தடைக்கு முன்னாடி அவங்களே காயப்போட்டது. உப்பு கம்மியாப் போட்டிருக்காங்களாம், ரொம்ப ஊற வைக்க வேணாம்னு சொல்லச் சொன்னாங்க." திரும்பிப் போகும்போது அவன் பையில் அம்மா செந்தூரா மாம்பழமும் இன்னும் மூன்று கிலோ புளியும் திணித்தார்.

அம்மா பொட்டலத்தைப் பிரித்துத் திண்ணையில் பரப்பினார். என் மகன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் வெள்ளி மிச்சம் இருந்தது.

"ஆயா, இது அன்னைக்குப் பாத்தோமே, அந்த மீனா?"

"அதேதான்" என்று அம்மா களிக்கு உலை வைக்க எழுந்தார்.